கறுப்பு டேப் ஒட்டிய ஸ்விட்ச்

புற்றுக்கட்டிக்குக் கொடுத்த மருந்து கார்னெலின் காதை, உச்ச ஒலியில் தொடங்கி, மேலிருந்து கீழாகத் தின்றுகொண்டு வந்தது. முதலில் போனது வாசல் மணி. அடுத்து மைக்ரோவேவ் அடுப்பின் கீச்சொலி, ஜன்னலோரக் குருவிகள், டெக்னோ இசையில் மேலாகத் தூறலைப் போலச் சிதறும் சிம்பல் தட்டுகளின் ஓசை. பிறகு பெண்களின் குரல் போயிற்று. பெண்கள் என்றால் முக்கியமாக ரெனிட்டாவின் குரல். "மொதல்ல என் பொண்டாட்டி குரல்தான் நின்னுச்சு. ஆண்டவனுக்கு என் மேல இன்னும் கொஞ்சம் இரக்கம் இருக்கு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். ரெனிட்டாவும் கூடச் சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய அவசியமே இல்லை என்பது சில நாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

இப்போது மிச்சமிருந்தது அடிமட்ட ஒலிகள் மட்டும். கீழறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் உயிர் பெறுவது, தெருவில் பனி தள்ளும் லாரி, ரெனிட்டா ஓட்டும் நகரப் பேருந்து வாசலில் நின்று உறுமுவது. இதெல்லாம் அவன் காதில் விழுகிறதா, எலும்பில் விழுகிறதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. கட்டி சுருங்குகிறதா என்று கேட்டால் "பார்ப்போம்" என்பார். டாக்டர்கள் பார்ப்போம் என்று சொன்னால் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். ரெனிட்டாவுக்கு அது தெரியும். கார்னெலுக்கும் தெரியும் என்பதுதான் அவளால் தாங்க முடியாத சங்கதி.

அவன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கிராஷியட் சாலையில் ஒரு பழைய பட்டறையின் கீழறையில் 'கிரவுண்ட் வயர்' கிளப் இருந்தது. அங்கே சுவரோரம் நின்று அடியொலியை முழக்கும் எட்டு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளும் கார்னெல் தன் கராஜில் அறுத்து, ஒட்டி, முடுக்கியவை. பிழைப்புக்கு எலெக்ட்ரீஷியன், உயிர் மட்டும் அந்தப் பெட்டிகளில். இருபது வருஷத்துக்கு மேலாக டெட்ராய்ட்டின் பாதிப் பேரை அவை உலுக்கி எடுத்திருக்கின்றன. இப்போது கட்டடத்தை வாங்கியவர்கள் அதை இடித்துக் கார் நிறுத்தப் போகிறார்கள். பெட்டிகளைச் சிகாகோக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். வருகிற ஞாயிறு மதியம் தொடங்கி இருட்டும் வரை நடக்கும் ஆட்டம்தான் கடைசி. கார்னெலின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்து கிடந்தன. கூட்டத்தில் ஒரு தும்மல் போதும், ஆளைத் தூக்கிவிடும் என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

"அந்தப் பெட்டிங்க அந்த ரூம்ல பேசறத இன்னும் ஒரு வாட்டி கேக்கணும். அப்புறம் எது வேணா ஆவட்டும்" என்றான் கார்னெல்.

முன்பெல்லாம் அவனே மைக் கொண்டுபோய் ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவு செய்து வைத்திருந்தான். கீழறையில் வெள்ளம் புகுந்த வருஷம் அத்தனையும் சாக்கடைத் தண்ணீரில் ஊறி ஒன்றுக்கும் உதவாமல் போயின. ஆகவே இந்த ஞாயிறு ரெனிட்டா போய்ப் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். வீட்டில் போட்டுக் கேட்க ஒன்பதாவது பெட்டி இருந்தது. அளவு தவறாமல் செய்பவன் எண்ணிக்கையில் தவறி ஒன்று கூடுதலாகச் செய்துவிட்டான். அது கூடத்தில் டிவியைச் சுமந்துகொண்டு நின்றது. அதன் மேல் எதை வைத்தாலும் பாட்டு போட்டதும் நடக்க ஆரம்பித்துவிடும். நடந்து விழுந்து உடைந்த கண்ணாடி டம்ளர்களுக்காக ரெனிட்டா போட்ட சண்டைகள் தெருவுக்கே தெரியும்.

சனிக்கிழமை சமையலறை மேசையில் கார்னெல் கடை பரப்பினான். மைக்குகள், வயர்கள், சின்ன டப்பாக்கள். அடுப்பில் கோழி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. தன் குரலே தனக்குக் கேட்காததால் அவன் இரண்டு வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி பேசினான். ரெனிட்டா சொல்ல வேண்டியதைப் போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டுவாள்.

"ரெண்டு ஜோடி இருக்கு. இந்த நீளமானது எதிர்ல இருக்கறத மட்டும் கேக்கும். பக்கத்துல நின்னு கத்தறவன், பின்னாடி பாட்டில உருட்டறவன், எல்லாரையும் ஒதுக்கிடும். ரொம்ப நாகரிகமான மைக்."

'அப்ப இதையே எடுத்துட்டுப் போறேன்' என்று தட்டினாள்.

"அவசரக்குடுக்க. நாகரிகமானதுக்கு பேஸ் சரியா கேக்காது. நம்ம சர்ச் அம்மாங்க மாதிரி, இடுப்புக்குக் கீழ எதுவும் இருக்கறதாவே காட்டிக்காது." தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துவிட்டு, பட்டாணி அளவில் இருந்த இன்னொரு ஜோடியை உள்ளங்கையில் உருட்டினான். "இது நாலு பக்கமும் கேக்கும். பேச்சு, இருமல், எல்லா கழுதையும் விழும். ஆனா பூமிக்கு அடியில எலி நடந்தாலும் விடாது. இதுதான் வேணும்."

'கூட்டத்தோட பேச்செல்லாம் விழுந்தா பரவாயில்லையா?'

"எனக்கு எந்தப் பேச்சு கேக்கப் போவுது, ரெனி?"

அவள் போனை மேசையில் வைத்தாள். அவனே வேறு வயரை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தான்.

"ரெக்கார்டர் தர்ற கரண்ட் இந்தப் பட்டாணிக்குப் பத்தாது. பேஸ் அடிச்சா மூச்சு முட்டி கரகரன்னு உடைஞ்சுடும். அதான் நடுவுல இந்த பேட்டரி டப்பா. இதுல ஒரு ஸ்விட்ச் இருக்கு பாரு. அசையாம டேப் போட்டு வச்சிருக்கேன்..."

அந்த நேரம் பார்த்து சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. சுர்ரென்ற சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. ரெனிட்டா எழுந்து ஓடினாள். அவன் பாட்டுக்கு டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தப்பித் தவறி அதுல கைய வச்சுடாத. அது அடி பேஸ வெட்டிடும். ராக்கு பேண்டு பதிவு பண்றவனுக்குதான் அது. மீட்டர் செவப்புக்குப் போச்சுன்னா ரெக்கார்டர்ல லெவலக் கொறை, தீந்துச்சு. அங்க ஹெட்போனையும் நம்பாத. கேட்டியா?"

அவள் கரண்டியும் கையுமாகத் திரும்பி, நன்றாகத் தலையாட்டினாள். காதில் விழுந்தது பாதி. மனதில் நின்றது அதில் பாதி. சூப் தீய்ந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அவளுக்கு. நாலு நாளாக அவன் வயிற்றில் நின்ற ஒரே ஆகாரம் அது.

ஞாயிறு மதியம் அவள் கிளப்பின் படியிறங்கியபோது கூட்டம் இன்னும் வரவில்லை. டிஜே மார்விஸ் இசைத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கார்னெல்தான் அவனுக்கு இந்தக் கிளப்பில் முதல் வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவன். அவளைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"அண்ணன் வரவே இல்லையாக்கா? ஒரு பத்து நிமிஷம்கூட முடியாதா?"

"வாசல் வரைக்கும்கூட விடலடா. ரத்தம் அப்படி இருக்கு."

"அண்ணனுக்குன்னு ஒரு பாட்டு பண்ணியிருக்கேன்க்கா. எட்டு நிமிஷம். மேல ஒண்ணுமே கெடையாது. தட்டு இல்ல, குரல் இல்ல, எல்லாம் அடியில. நமக்குப் பாதி கேக்கும், அவருக்கு முழுசா கேக்கும்." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. "ஃபைலாவே அனுப்பறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு. பாட்ட யாரு வேணா அனுப்பலாம், என் பெட்டி அந்த ரூம்ல பேசறத நீ அனுப்புவியாடான்னு கேட்டாரு."

"அத நான் கொண்டுபோறேன்" என்றாள் ரெனிட்டா. அதைச் சொன்ன தோரணையில் அவளுக்கே ஒரு நிமிர்வு வந்தது.

கார்னெல் சொன்னபடி பட்டாணி மைக்குகளைத் தன் பஸ் டிரைவர் தொப்பியின் இரண்டு ஓரத்திலும் குத்திக்கொண்டு, பெட்டிகளுக்கு நேர் நடுவே நின்றாள். மார்விஸ் சோதனைக்காக ஒரு பாட்டைப் போட்டான். எட்டுப் பெட்டிகளும் வாய் திறந்தன. மீட்டர் துள்ளிப் போய்ச் சிவப்பில் ஒட்டிக்கொண்டது. ரெனிட்டா பேட்டரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் ஆளுயரக் கம்பியில் தன் மைக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தவர் ரஸ் நோவாக். பக்கத்து ஊரான ஹாம்ட்ராம்க்கின் மதுக்கடைகளில் ராக் இசைக்குழுக்களை வருஷக் கணக்காகப் பதிவு செய்கிறவர். கிரவுண்ட் வயருக்கு இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. கடைசி ஆட்டம் என்றதும் எல்லோரையும் போல வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. கேட்காமலே உதவுகிற ஜாதி, அவ்வளவுதான்.

"என்னம்மா, செவப்பு அடிக்குதா? காட்டுங்க" என்று டப்பாவை வாங்கிப் பார்த்தார். "அட, இதுல ஸ்விட்ச் இருக்கே! டேப் போட்டு மூடி வச்சிருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரர் போட்டது. அசையாம இருக்கணும்னாரு."

"பையில போட்டா நகர்ந்துடும்னு போட்டிருப்பாரு. நானும் அப்படித்தான் போடுவேன்." நகத்தால் கறுப்பு டேப்பை உரித்து, ஸ்விட்சைத் தள்ளினார். "இந்த மாதிரி எடத்துல பேஸ் மைக்கையே தின்னுடும்மா. கொஞ்சம் வெட்டிவிட்டாத்தான் சுத்தமா வரும். இப்பப் பாருங்க."

மீட்டர் நல்ல பிள்ளையாகப் பச்சையில் வந்து உட்கார்ந்தது. பெட்டிகள் அதே மாதிரி இடித்துக்கொண்டிருந்தன, ஊசியில் மட்டும் ஒரு பதற்றமும் இல்லை.

வெட்டிவிட்டால் என்ற வார்த்தை எங்கேயோ உறுத்தியது. கார்னெல் அந்த ஸ்விட்சைப் பற்றி என்னவோ சொன்னான். சூப் நினைவுக்கு வந்ததே தவிர, சொன்னது வரவில்லை. போனை எடுத்தாள். அவனிடமிருந்து ஒரு செய்தி காத்திருந்தது: 'சந்தேகம்னா கேளு. தூங்கல. போன் கையிலதான் இருக்கு.'

'ஒரு ஸ்விட்ச்' என்று தட்ட ஆரம்பித்தாள். பிறகு அழித்துவிட்டாள். அழித்ததற்குக் காரணம் கேட்டால் அவளால் ஒழுங்காகச் சொல்லியிருக்க முடியாது. வசந்தத்திலிருந்து அவனுக்கு அவள் மாத்திரை, ஊசி, போர்வை, வாந்திக் கிண்ணம் என்று கொண்டுபோய் நின்றிருக்கிறாள். எதையும் அவன் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. இது ஒன்றுதான் அவன் கேட்டது. இதை அவனைத் தொல்லை செய்யாமல், முழுசாக, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 'எல்லாம் சூப்பரா போவுது. நீ படு' என்று அனுப்பினாள். அவன் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஹெட்போனை மாட்டிக் கேட்டுப் பார்த்தாள். பேஸ் மண்டையைப் பிளந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த அறையில் ஹெட்போன் என்ன, தலையணையை வைத்துக் காதை அடைத்தாலும் பேஸ் மண்டையைப் பிளக்கும். அது வயர் வழியாக வந்த பேஸ் இல்லை, தரை வழியாகக் காலில் ஏறி, எலும்போடு வந்த பேஸ். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழி இது. ரெனிட்டாவுக்குக் கிடைத்ததே ஒரு தடவைதான்.

கூட்டம் நிறைந்தது. தலை திரும்பினால் இடது வலதாகிவிடும், கை தட்டினால் மைக்கில் வெடிக்கும் என்று கார்னெல் சொன்னது மட்டும் அவளுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. ஆகவே மதியத்திலிருந்து மாலை வரை, ஊரே வேர்த்து வழிந்து ஆடிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் நட்ட கம்பம் மாதிரி நின்றாள்.

"ஏய் ரெனிட்டா, என்ன பஸ் ஸ்டாப்பு மாதிரி நிக்கறே? அடுத்த பஸ்ஸு எப்போ?" என்று பாரில் இருந்தவள் கத்தினாள்.

"டிக்கெட் எடுக்காம ஏறிட்டா, அதான் பயத்துல நிக்கறா!" என்றான் இன்னொருவன்.

வாயைத் திறந்து நாலு வார்த்தை கொடுக்க அவளுக்கு நாக்கு அரித்தது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முடிவுக்குச் சற்று முன்னால் மார்விஸ் விளக்குகளை அணைத்தான். அந்த எட்டு நிமிஷம் வந்தது. பாட்டு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. தரைக்குக் கீழே யாரோ மிகப் பெரிய ஆள் மெதுவாக நடந்து வருவது மாதிரி இருந்தது. கூரையிலிருந்து பழைய சுண்ணாம்பு உதிர்ந்தது. கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ரெனிட்டாவின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. இது கார்னெல் மரத்தில் அறுத்து வைத்த மூச்சு என்று நினைத்தாள். கண்ணீர் வழிந்து உதட்டுக்கு வந்தது. மைக்கில் விழுந்துவிடுமே என்று மூக்கைக்கூட உறிஞ்சாமல், அப்படியே வழியவிட்டாள்.

விளக்கு எரிந்ததும் சிகாகோக்காரரின் ஆட்கள் உள்ளே வந்தார்கள். வயர்கள் உருவப்பட்டன. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் சாய்த்து, படிகளில் இடித்து, மேலே இழுத்துக்கொண்டு போனார்கள். மார்விஸ் ஒவ்வொரு பெட்டிக்கும் கூடவே ஏறி இறங்கி "மெதுவா, மெதுவா" என்று சொன்னான். அவர்கள் மெதுவாகத்தான் எடுத்தார்கள். லாரிக் கதவு மூடியபோது ரெனிட்டா ரெக்கார்டர் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றாள். பாவம், அப்போது அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வீட்டில் கார்னெல் குளித்துத் தயாராக இருந்தான். கிளப்பின் பழைய டி-ஷர்ட் அவன் தோளில் கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கியது. டிவியை இறக்கிவிட்டு, ஒன்பதாவது பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வயிற்றுக்கு இதமாகச் சூடு பண்ணிய இஞ்சி சோடா, கண்ணாடி டம்ளரில், அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது. டம்ளர் நடக்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறான் என்று ரெனிட்டாவுக்குப் புரிந்தது.

"கொண்டாந்தியா?"

அவள் பையைத் தட்டிக் காட்டினாள்.

"செவப்பு அடிச்சுதா?"

இல்லை என்று பெருமையாகத் தலையசைத்தாள்.

"அடேங்கப்பா. எனக்கே மொத வாட்டி அடிச்சுது. பெரிய ஆளுதான் நீ."

அவன் சொல்லச் சொல்ல வயர்களைச் சொருகினாள். பெட்டியின் ஆம்ப்ளிஃபையர் விளக்கு பச்சையாக எரிந்தது. அவன் இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, கோவிலில் இருப்பவனைப் போல உட்கார்ந்தான். அவள் எதிரே மரத்தரையில் சோபாவை ஒட்டி உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினாள்.

கூடத்தின் சிறிய ஸ்பீக்கர்களில் மார்விஸின் ஆட்டம் ஆரம்பமாயிற்று. தட்டுகள் தெளிவாகச் சிலுசிலுத்தன. கூட்டத்தின் கூச்சல் பக்கத்து அறையில் கேட்பது மாதிரி சுத்தமாக இருந்தது. ஏதோ ஒல்லியாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. வீடு என்ன கிளப்பா, இங்கே இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கார்னெலின் முகத்தைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல அவன் தலை ஆட ஆரம்பித்தது. தாளம் பிசகவில்லை.

அவள் கால் எப்போதோ தானாகத் தாளம் போட ஆரம்பித்திருந்தது. மதியமெல்லாம் ஆட விடாமல் கட்டி வைத்திருந்த கால், இப்போது அவிழ்த்துவிட்டது மாதிரி ஆடியது.

"ஆங்... இதான். என் புள்ளைங்க" என்றான் கார்னெல். "நல்லா புடிச்சிருக்கே ரெனி. நான் புடிச்சாக்கூட இப்படி வராது."

'கேக்குதா?' என்று போனைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லா கேக்குது."

பாட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மணிக்கணக்காகப் போயிற்று. அவன் தலை ஆடியது, அவள் கால் ஆடியது. இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் இப்படி ஒரு பொழுது வந்ததில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். எழுந்து விளக்கைக் குறைக்கக்கூட மனம் வரவில்லை. கடைசியில் மார்விஸ் கார்னெலுக்காகச் செய்த பாட்டு வந்தது.

வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது கூட்டம் சட்டென்று அடங்கியதால்தான். ஸ்பீக்கரில் இசையே இல்லை. யாரோ இருமினார்கள். செருப்பு தரையில் தேய்ந்தது. உதிர்ந்த சுண்ணாம்பு எதன் மேலோ பொடிப்பொடியாக விழுந்தது. பெரிய ஆள் நடந்து வரவே இல்லை. ஆனாலும் மதியம் விலா எலும்பில் பதிந்த தாளத்தை அவள் கால் விடாமல் போட்டுக்கொண்டிருந்தது. எதிரே கார்னெலின் தலையும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ரெனிட்டா டம்ளரைப் பார்த்தாள். இஞ்சி சோடாவின் மேற்பரப்பு அலுங்காமல் குலுங்காமல் கிடந்தது. கையை நீட்டி, அவன் கைக்குப் பக்கத்தில் பெட்டியைத் தொட்டாள். சமையலறை மேசையைத் தொட்ட மாதிரி இருந்தது.

சூப் பொங்கிய நேரம் முழுசாக அவள் முன்னால் வந்து நின்றது. அடி பேஸ வெட்டிடும். கைய வச்சுடாத. சொல்லியிருக்கிறான், எல்லாம் சொல்லியிருக்கிறான். பையில் டப்பா கிடந்தது; டேப் இல்லாத ஸ்விட்ச் ரஸ் தள்ளிய பக்கத்திலேயே இருந்தது. எட்டுப் பெட்டிகளும் இந்நேரம் மிச்சிகன் எல்லையைத் தாண்டியிருக்கும். எல்லாச் சத்தத்தையும் அள்ளிக் கொண்டுவந்து, அவனுக்குக் கேட்கக்கூடிய ஒன்றை மட்டும் பார்த்துப் பார்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் கால் நின்றது.

கார்னெலின் தலை இன்னும் இரண்டு தடவை ஆடிவிட்டு நின்றது. அவன் கண் அவள் காலில் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் போனை எடுத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையில் ஓர் எழுத்துகூட விரலுக்கு வரவில்லை. அவன் குனிந்து போனை அவள் கையிலிருந்து வாங்கி, திரை தெரியாதபடி கவிழ்த்து வைத்தான்.

"கால நிறுத்தாத ரெனி" என்றான்.

அவள் செருப்பை உதறிவிட்டுக் குதிகாலால் மரத்தரையை ஓங்கி மிதித்தாள். மறுபடியும் மிதித்தாள். பெரிய ஆள் நடந்து வந்த அதே நிதானத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, எலும்பு வலிக்க வலிக்க மிதித்தாள். பலகைகள் அதிர்ந்தன. பெட்டியின் மேல் டம்ளரில் இஞ்சி சோடா மெல்லிசாக நடுங்கியது.

கார்னெல் கைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தான். நாற்காலியிலிருந்து கஷ்டப்பட்டு இறங்கி, அவள் பக்கத்தில் தரையில் படுத்து, காதைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்பதான் வருது" என்றான்.

ரெனிட்டா வாய்விட்டு அழுதாள். அவனுக்கு அது கேட்காது. ரெக்கார்டரில் கூட்டம் கை தட்டி, சிகாகோக்காரரின் ஆட்கள் படியிறங்கி, பதிவு முடிந்து அடங்கியது. அதற்குப் பிறகும், முழங்காலில் இனித் தெம்பில்லை என்கிற வரை, அவள் மிதித்துக்கொண்டிருந்தாள்.